நிக்கிறானோ, போறானோ

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை: ஓட்ஸ், நாலு முட்டை, இரண்டு வாழைப்பழம். மத்தியானம் கிளப்பில். இரவு: சோறு, கோழிக்கறி, பீற்றூட்.

இந்த டயறி கிளப் தந்தது. என் வீட்டில் தங்கியிருக்கும் பெடியன் லொக்கி என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குப் படுத்தான் என்று எழுதத் தந்தது. மாதம் ஒருமுறை கிளப்பிலிருந்து டோனா வருவாள். நான் வாசித்துக் காட்டுவேன். தமிழில் எழுதுவதால் மிச்சத்தில் நான் என்ன எழுதினாலும் கேட்க ஆளில்லை. இரண்டு வருடமாக இதில் என் மூட்டுவலி, அயலவனின் மரம், மழை எல்லாம் வந்துவிட்டது.

இன்று கறித்தூள் வாங்க நகுலேசின் கடைக்குப் போனேன். கூடையைக் கீழே வைக்க முதலே கேட்டார்.

“என்ன பவளமக்கா, நிக்கிறானோ, போறானோ?”

“எனக்கென்னெண்டு தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாமல் வேறை ஆருக்குத் தெரியும்? உங்கட கையால புட்டுத் தின்னுறவன்.”

பின்னால் நின்ற ஒரு மனுசன், முன்பின் தெரியாதவர், “சொல்லுங்கோ அக்கா, நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்” என்றார். நான் கறித்தூளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தேங்காய்ப்பூ வாங்க மறந்துபோனேன்.

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. லொக்கி, முழுப்பெயர் லொக்லன் ப்ரூவர், வயது இருபது, பெலிக்கன்ஸ் கிளப்புக்கு ஃபுட்டி, அதாவது இந்த நாட்டு உதைபந்து, விளையாடுகிறான். பேர்த்துக்கும் அப்பால், கோதுமை விளையும் ஒரு சின்ன ஊர்ப் பிள்ளை. பதினெட்டு வயதில் அவனைக் கிளப் எடுத்தபோது மெல்பேர்ணில் தங்க ஒரு வீடு தேடினார்கள். என் மகள் ஆரணி பிரிஸ்பேனுக்கு வேலைக்குப் போய் அவளுடைய அறை சும்மா கிடந்தது. நான் விண்ணப்பித்தேன். வெள்ளைக்காரருக்குத்தான் கொடுப்பார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்குத் தந்தார்கள். அவனுடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. பேர்த் கிளப் ஒன்று வா வா என்கிறது, பெலிக்கன்ஸ் நில் நில் என்கிறது. அவன் வாய் திறக்கவில்லை. அதனால் மற்ற எல்லாரும் திறக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

மூட்டுவலி. பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 9, சனி

காலை: ஓட்ஸ், முட்டை. மத்தியானம்: பாஸ்தா. அவனே அவித்தான், சட்டியையும் கழுவினான்.

ஹீற்றர் வேலை செய்யவில்லை. தம்பி குகதாஸ் வந்து கழற்றிப் போட்டான். வேலை செய்ததை விடக் கதைத்ததுதான் கூடுதல். அவனும் நகுலேசும் இன்னும் நாற்பது பேருமாக வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், பெலிக்கன் தமிழர் என்று. லொக்லன் என்ற பெயர் அவர்கள் வாயில் வராது, அதனால் அவன் அங்கே லட்சுமணன். காலையில் எழும்பிப் பல் தீட்ட முதலே லட்சுமணன் நிற்பானா போவானா என்று தொடங்குகிறார்களாம்.

“அக்கா, அவன் நாய் ஏதும் வாங்கினவனோ?”

“இல்லை. ஏன்?”

“பாத்தீங்களோ! நிக்கிறவன் எண்டால் நாய் வாங்குவான். எங்கட குழுவில ஒருத்தர் பத்து வருசக் கணக்கு எடுத்து வச்சிருக்கிறார். நாய் வாங்கினவங்கள் ஒருத்தரும் கிளப் மாறேல்லை.”

“அவனுக்கு நாய் மயிர் பட்டால் தும்மல் வரும்.”

“அதை நான் குழுவில போடட்டோ?”

“போட்டியெண்டால் கையை முறிச்சுப் போடுவன்.”

பெடியனை வீட்டில் எடுக்கும்போது கிளப் என்னிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறது: வீட்டில் காண்பது கேட்பது வீட்டோடு. தும்மலும் அதற்குள்தான் அடங்கும். குகதாஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஹீற்றரைத் திரும்பப் பூட்டினான். இப்போது சூடு வருகிறது, கூடவே ஒரு சத்தமும் வருகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரவு: இடியப்பம் பதினாறு, சொதி, மீன்.

அவன் பின்வளவில் உடுப்புக் கொடியைச் சுற்றிச் சுற்றி நடந்து தாயோடு நாற்பது நிமிடம் கதைத்தான். யன்னல் பூட்டியிருந்தது. உள்ளே வந்தவன் மூக்குச் சிவந்திருந்தான். குளிரால் இருக்கலாம். என்ன கதைத்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. “இன்னும் ஒரு மீன் போடட்டா?” என்று கேட்டேன்.

ஆரணிக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை, வேலையில் நிற்கிறாள்போல.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை: அவன் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

குசினியில் ஃபிரிட்ஜில் ஒரு வெள்ளைப் பலகை ஒட்டியிருக்கிறது. கிழமைக்குரிய வேலைகளை அவன் அதில் எழுதி வைப்பான், நான் பால், மா என்று பக்கத்தில் எழுதுவேன். இன்று அவன் பயிற்சிக்குப் போன பிறகு பால் என்று எழுதப் போனேன். அவனுடைய பக்கத்தில் இருந்தது: திங்கள், பல் டொக்டர். செவ்வாய், இரண்டு மணி, ரிசைன்.

ஆர், ஈ, எஸ், ஐ, ஜி, என். ஆறு எழுத்து. எனக்கு இங்கிலிசு கொஞ்சம்தான், ஆனால் அந்தச் சொல் தெரியும். பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் நின்றுவிட்டு, மூட்டு இனி ஏலாது என்றபோது நானே கையால் எழுதிக் கொடுத்த சொல் அது. எழுத்துப் பிழைக்கக்கூடாது என்று அகராதி பார்த்து எழுதினேன்.

அப்போ போகிறான். செவ்வாய்க்கிழமை போய் விலகுகிறேன் என்று சொல்லப்போகிறான்.

கதிரையில் இருந்தேன். பிறகு எழும்பி மீனை வெளியே எடுத்து வைத்தேன். பால் என்று எழுதவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கோழி. சோறு. அவன் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டான். நன்றாகச் சிரித்துக் கதைத்தான். போக முடிவெடுத்தவர்களுக்கு மனம் இலேசாகிவிடும். ஆரணியும் கடைசி இரண்டு கிழமை அப்படித்தான் இருந்தாள்.

ஆகஸ்ட் 16, சனி

சொல்லிவிட்டேன்.

குகதாஸ் ஹீற்றர் சத்தத்தைப் பார்க்க வந்தான். லொக்கி பயிற்சிக்குப் போயிருந்தான். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, குழுவில் இன்று என்ன சண்டை என்று சொல்லிக்கொண்டிருந்தான். நிற்பான் என்று சொல்பவர்கள் இருபத்தாறு பேர், போவான் என்பவர்கள் பதினாறு பேராம். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

“பதினாறு பேரும்தான் சரி” என்றேன்.

கோப்பையை வைத்துவிட்டான். “என்னக்கா சொல்லுறீங்கள்?”

“செவ்வாய்க்கிழமை ராஜினாமா குடுக்கப்போறான். ஒருத்தருக்கும் சொல்லாதை.”

“என்னை என்னெண்டு நினைச்சனீங்கள்?”

அவன் போன பிறகு மனதில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கெல்லாம் குழுவுக்குள் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு இங்கிலிசுப் பக்கம் ஒன்றில், லொக்லன் தங்கியிருக்கும் வீட்டிலிருந்து வந்த செய்தி என்று. நகுலேஸ் போன் எடுத்து, “அக்கா, இப்பிடியொரு நியூசை எங்களுக்கு முதலே சொல்லியிருக்கலாமே” என்று என்னோடு கோபிக்கிறார்.

பின்னேரம் மட்ச். ரீவியில் பார்த்தேன். அவன் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் சொந்தச் சனமே ஊளையிட்டது. எங்கள் கிளப் நிறத்து ஸ்கார்ஃப் போட்ட சின்னப்பிள்ளை ஒன்று கூட வாயைக் குவித்து ஊளையிட்டதைக் காட்டினார்கள். இருபது மீட்டரில் நேராக நின்று அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அவன் அப்படித் தவற விட்டதை நான் இரண்டு வருடத்தில் பார்த்ததில்லை. மட்ச் முடிந்து போகும்போது யாரோ அவன் மேல் ஒரு கோப்பை பியரை ஊற்றினார்கள்.

வந்தவன் சப்பாத்தைப் பின்வளவில் வைத்துத் தானே கழுவினான். சோறு வேண்டாம் என்றான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை: ஒன்றுமில்லை. பல் டொக்டரிடமும் போகவில்லை.

மேசையில் வந்து இருந்தான். நாங்கள் இங்கிலிசில்தான் கதைப்பது. தமிழில் எழுதுகிறேன். என் பெயரின் பின்பாதி மட்டும்தான் அவனுக்கும் டோனாவுக்கும் வாயில் வரும்.

“ராணி, நீங்கள் யாரிடமாவது ஏதாவது சொன்னீர்களா?”

நான் இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை. இல்லை என்ற சொல் தானாக வந்தது. அதை எழுதி வைக்கிறேன்.

“எனக்குத் தெரியும்” என்றான். “எனக்காக ஒப்பந்தம் பேசுகிற மனேஜர் கேட்கச் சொன்னார், அதனால்தான்.” பிறகு ஃபிரிட்ஜைக் காட்டிச் சிரித்தான். அது சிரிப்பில்லை. “பகிடியைப் பாருங்கள். நாளைக்கு இரண்டு மணிக்கு நாலு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று நான் பெரிதாக எழுதியே வைத்திருக்கிறேன். ஊர் முழுக்க நான் போகிறேனாம்.”

நான் பலகையைப் பார்த்தேன். அதே ஆறு எழுத்து.

பிறகு அகராதியை எடுத்துப் பார்த்தேன், அந்தச் சொல்லுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போட வேண்டுமாம். கோடு போட்டால் திரும்பவும் கையெழுத்துப் போடுவது, கோடு இல்லாவிட்டால் விலகிப்போவது. அவன் ஒருநாளும் கோடு, புள்ளி ஒன்றும் போடுகிறவன் இல்லை. டொக்டர் என்பதையே பிழையாகத்தான் எழுதுவான். நான் அதை அகராதி பார்த்துப் படித்தவள்.

நிற்பதற்குத்தான் எழுதியிருந்தான். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இல்லை என்று சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இரண்டு மணிக்கு அவன் வீட்டில்தான் இருந்தான். கையெழுத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தாய் ரீவியில் ஊளையிட்டதைப் பார்த்துவிட்டு அழுகிறாளாம், மகனே நீ திரும்பி வா என்கிறாளாம். கிளப்போ, பேரத்தைக் கூட்ட அவனுடைய மனேஜரே கதையை வெளியே விட்டார் என்று நினைக்கிறதாம். மனேஜர், கிளப்பே அப்படி நினைத்தால் எதற்கு நிற்பான் என்கிறாராம். மூன்று பக்கமும் கதவு அடித்துச் சாத்துகிறார்கள். நடுவில் இவன் சோபாவில் படுத்துக் கூரையைப் பார்க்கிறான்.

நான் சொன்ன பொய்ச்செய்தி இப்போது மெய்யாகப் போகிறது.

ஆகஸ்ட் 20, புதன்

குகதாசுக்குப் போன் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள்” என்றான்.

“ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டும் சொன்னனான்!”

“நகுலேஸ் அண்ணைக்கு மட்டும்தான் சொன்னனான். அவர் வெளியாள் இல்லையே.”

அது ராஜினாமா இல்லை, நிற்கத்தான் கையெழுத்து என்று குழுவில் எழுதச் சொன்னேன். எழுதினான். நாற்பது பேரும் அவனை ஏறி மிதித்துவிட்டார்கள். வீட்டுக்காரரைக் கிளப் மிரட்டிவிட்டது, அக்கா பயந்து கதையை மாற்றுகிறா என்கிறார்களாம். ஒருத்தர் எனக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்கிறேன் என்று எழுதியிருக்கிறார். அலுத்துப்போனது. இனி எனக்குப் போன் எடுக்காதே என்று வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இரவு: புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, முட்டைப் பொரியல். பாதியில் நிறுத்திவிட்டான். என்னால்தான்.

நேற்றைக்கே சொல்ல நினைத்தேன். முந்தநாளும் நினைத்தேன். இன்று அவன் புட்டை அள்ளி வாயில் வைக்கும்போது, “லொக்கி, அது நான்தான்” என்றேன். பலகையைப் பார்த்தது, தம்பியிடம் சொன்னது, திங்கட்கிழமை பொய் சொன்னது எல்லாம் சொன்னேன். என் இங்கிலிசு திக்கியது. கோட்டைப் பற்றிச் சொல்லும்போது கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினேன். வேறொரு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“என்னிடமே கேட்டிருக்கலாமே, ராணி? நான் இங்கேதானே இருந்தேன்.”

“கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய்” என்றேன்.

அவனுக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு விளங்கியது. ஆரணி பிரிஸ்பேனுக்குப் போகும்போதும் ஏன் போகிறாய், திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. முறுக்குச் சுட்டுப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தேன். இப்போது வருடத்தில் நாலு முறை கதைக்கிறோம்.

குகதாசிடம் ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஊர் முழுக்க என்னிடம் வந்து கேட்கும்போது, ஒரு நாளாவது தெரிந்தவளாக இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை எட்டரைக்கு டோனாவுக்குப் போன் எடுத்தேன். கதை வெளியே போனது மனேஜராலும் இல்லை, தாயாலும் இல்லை, என்னால் என்றேன். “ராணி, இதை நீங்கள் எனக்குச் சொன்னால் நான் பதிவு செய்ய வேண்டிவரும். அதன் பிறகு என்ன நடக்கும் என்று தெரியும்தானே?” என்றாள்.

தெரியும் என்றேன். நான் கையெழுத்துப் போட்ட தாள்தானே.

போனை வைத்துவிட்டுக் கட்டில் விரிப்புகளைத் தோய்த்தேன். வெயில் இல்லை, காயவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

டோனா வந்தாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். இரண்டு வருடத்தில் அவள் வேண்டாம் என்றது இதுதான் முதல்முறை. விதி விதிதான், தான் எவ்வளவு சொல்லியும் கிளப் கேட்கவில்லை என்றாள். சனிக்கிழமை லொக்கி ஒரு விளையாட்டுக்காரனோடு ஃபிளாட்டுக்கு மாறுகிறான். இனி இந்த வீட்டுக்குப் பிள்ளைகள் அனுப்பமாட்டார்கள்.

நல்ல செய்தியும் சொன்னாள். மனேஜரிடம் கிளப் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. தாயை விமானத்தில் கூப்பிட்டு, பயிற்சியாளரே நேரில் இருந்து கதைத்திருக்கிறார். நாளை கையெழுத்து.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

போட்டுவிட்டான். நாலு வருடம். ரீவியில் காட்டினார்கள், பக்கத்தில் தாய். நல்ல உயரம், அவனுடைய அதே மூக்கு.

இரவு: சோறு, றால் கறி. ஆறுதலாகச் சாப்பிட்டான். “நல்லாயிருக்கு” என்று தமிழில் சொன்னான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அவனுடைய உடுப்புகளை மடித்தேன். வலதுகால் சொக்ஸ் ஆறு, இடதுகால் சொக்ஸ் நாலு இருக்கிறது. ஒரே மாதிரிச் சொக்சில் வலது இடது எப்படி என்று டோனா முன்பு கேட்டாள். தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் தெரியும்.

ஆகஸ்ட் 30, சனி

காலை: ஓட்ஸ், நாலு முட்டை, இரண்டு வாழைப்பழம்.

பத்து மணிக்கு வான் வந்தது. அரை மணித்தியாலத்தில் ஏற்றி முடித்துவிட்டார்கள். இரண்டு வருடத்துச் சாமான் அவ்வளவுதான். குனிந்து ஒருமுறை கட்டிப்பிடித்தான். சொதி எப்படி வைப்பது என்று எழுதி அனுப்பச் சொன்னான். மரியாதைக்குக் கேட்டானா, உண்மையாகக் கேட்டானா தெரியவில்லை. வான் திரும்பும்வரை வாசலில் நின்றேன், மூட்டு நிற்க விடவில்லை, உள்ளே வந்தேன். அழுதேன். எழுதுவதற்கு வெட்கம் என்ன.

மூன்று மணிக்குக் கதவு மணி அடித்தது. குகதாஸ், நகுலேஸ், பின்னால் இன்னும் ஆறேழு பேர், எல்லாரும் பெலிக்கன் ஜேர்சி. நகுலேஸ் கையில் கிளப் நிறத்தில் பெரிய கேக். எனக்கும் தம்பிக்கும் பேச்சில்லை என்பதைக்கூட அவர்கள் பொருட்படுத்தவில்லை.

“அக்கா! உங்கட பெடியன் நிண்டிட்டான்!” என்று ஒருத்தர் வாசலிலேயே துள்ளினார். “நாலு வருசம்! எல்லாம் உங்கட புட்டாலதான் அக்கா!”

உள்ளே வந்து இருந்தார்கள். கதிரை காணாமல் இரண்டு பேர் தரையில் இருந்தார்கள். நான் தேத்தண்ணி போட்டேன். எல்லாரும் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உள் அறைகளின் பக்கமே பார்த்தார்கள்.

“எங்கையக்கா லட்சுமணன்? ஒரு படம் எடுக்கவேணும், கூப்பிடுங்கோவன்” என்றார் நகுலேஸ்.

“அவன் போயிட்டான்” என்றேன்.

தேத்தண்ணி குடித்தவர் பாதியில் நிறுத்தினார். நகுலேசின் முகம் வெளுத்துவிட்டது.

“எந்தக் கிளப்புக்கு?”

“கிளப்புக்கு இல்லை. இந்த வீட்டை விட்டு. வேறை இடத்துக்கு மாறிட்டான்.”

“அப்பாடா!” என்று எல்லாரும் ஒரே மூச்சாக விட்டார்கள். தரையில் இருந்தவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். “கடவுளே, அக்கா, ஒரு நிமிசம் உயிரே போயிட்டுது. வீடுதானே! நான் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டன்.”

குகதாஸ் மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகுலேஸ் கத்தி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கேக்கை வெட்டி, முதல் துண்டை எனக்குத்தான் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.